275 மீட்டர் புகைபோக்கியை மேசை மேல் நிறுத்துவது எப்படி? மாடல் ரயில்காரர்களின் ‘கிட்பாஷிங்’ கணக்கு

ஒரு சின்னக் கணக்கோடு தொடங்கலாம். அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுபோகும் சரக்கு ரயிலைப் பார்த்திருப்பீங்க. லெவல் கிராசிங்கில் மாட்டிக்கொண்டால், வேகன்களை எண்ணி எண்ணியே பொழுது போகும். வழக்கமான ஒரு ரேக்கில் ‘பாக்ஸ்-என்’ வகை வேகன்கள் 58 இருக்கும். ஒரு வேகனின் நீளம் சுமார் 10.7 மீட்டர். மொத்தம் 621 மீட்டர்.

மாடல் ரயில் உலகில் அதிகம் பேர் பயன்படுத்தும் அளவு, அசலில் 87-ல் ஒரு பங்கு. 621 மீட்டரை 87-ஆல் வகுத்தால் 7.1 மீட்டர். நம்ம ஊர் அபார்ட்மென்ட்டில் இந்த நீளத்துக்கு ஒரு ஹால் இருந்தாலே பெரிய விஷயம். இது வெறும் ரயில்தான். இன்னும் மின் நிலையத்துக்கே வரவில்லை.

500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள யூனிட்களுக்குப் புகைபோக்கி 275 மீட்டர் இருக்க வேண்டும் என்று இந்தியாவில் நீண்ட காலம் விதி இருந்தது. அதை 87-ஆல் வகுத்தால் 3.16 மீட்டர். வீட்டுக் கூரையை இடிக்கும். ராஜஸ்தானின் ஜாலாவாட் பகுதியில் உள்ள காளிசிந்த் அனல் மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்கள் 202 மீட்டர். மாடலில் அதுவே 2.3 மீட்டர், அதாவது நின்று கையை உயர்த்தினால் எட்டும் உயரம்.

இன்னொரு கணக்கும் இருக்கு. நீளம் 87 மடங்கு குறைந்தால், பரப்பளவு 7,569 மடங்கு குறையும். 500 ஏக்கரில் ஒரு மின் நிலையம் இருப்பதாக வச்சுக்குவோம். அவ்வளவு சுருக்கியும் சுமார் 2,880 சதுர அடி தேவை. மூன்று படுக்கையறை வீடு இரண்டைச் சேர்த்தால்தான் அவ்வளவு இடம் கிடைக்கும்.

அப்படியிருந்தும் உலகம் முழுக்க எத்தனையோ பேர் வீட்டு அலமாரி மேலும் கராஜிலும் மின் நிலையம், இரும்பாலை, சிமென்ட் ஆலை, பஞ்சாலை எல்லாம் கட்டி, அதற்குள் ரயில் ஓட்டுகிறார்கள். அவை நம்பும்படியும் இருக்கின்றன. எப்படி? அதற்கான பதிலில் முக்கியமான வார்த்தை, கிட்பாஷிங்.

கிட்பாஷிங் என்றால் என்ன?

மாடல் கட்டடங்கள் பெட்டியில் ‘கிட்’ ஆக விற்கப்படுகின்றன. சுவர், ஜன்னல், கூரை எல்லாம் தனித்தனி பிளாஸ்டிக் துண்டுகளாக இருக்கும். குறிப்புத்தாளைப் பார்த்து ஒட்டினால் அட்டைப்படத்தில் உள்ள கட்டடம் வந்துவிடும். சிக்கல் என்னன்னா, அதே பெட்டியை வாங்கிய எல்லோரிடமும் அதே கட்டடம்தான் இருக்கும்.

‘பாஷ்’ என்றால் அடித்து நொறுக்குவது. குறிப்புத்தாளை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு மூன்று கிட்களை வெட்டி, கலந்து, வேண்டாததைத் தூக்கிப்போட்டு, பெட்டியில் இல்லாத ஒரு கட்டடத்தை உருவாக்குவதுதான் கிட்பாஷிங். ஒரு பக்கம் பெட்டியில் உள்ளதை அப்படியே ஒட்டுவது, மறுபக்கம் எல்லாவற்றையும் வெறும் ஷீட்டிலிருந்து நாமே செய்வது. இது இரண்டுக்கும் நடுவில் உள்ள வழி. செங்கல் வரிசை, ஜன்னல் சட்டம் மாதிரி கையால் செய்ய நாளாகும் நுணுக்கங்கள் கிட்டிலேயே வந்துவிடும். எங்கே எதை வைப்பது என்பது மட்டும் நம் கையில்.

இந்தப் பழக்கம் செழித்தது அமெரிக்காவில். அங்கே விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் 1932-ல் தொடங்கப்பட்ட வால்தர்ஸ் நிறுவனம், ‘கார்னர்ஸ்டோன்’ என்ற பெயரில் தொழிற்சாலை கிட்களை விற்கிறது. அதே ஊரில் 1934-ல் ‘மாடல் ரெயில்ரோடர்’ இதழ் தொடங்கியது. அதில் தொடர்ந்து எழுதிய ஆர்ட் கரன், கிட்பாஷிங்குக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். ஜெர்மனியின் அவுஹாகன் நிறுவனம் ஒரு படி மேலே போய், செங்கல் தொழிற்சாலைச் சுவர்களைத் துண்டு துண்டாக, இஷ்டப்படி சேர்த்துக்கொள்ளும் விதத்திலேயே விற்கிறது.

ரயில் பிடிக்காதவர்கள்கூட இந்த வேலையைப் பார்த்திருக்கிறார்கள். 1977-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் விண்கலங்கள் மேல் தெரியும் நூற்றுக்கணக்கான நுணுக்கங்கள், கடையில் வாங்கிய பீரங்கி, விமான மாடல் கிட்களிலிருந்து பிய்த்து ஒட்டியவைதான்.

1:87 என்ற அளவில் எது எவ்வளவு?

மாடல் ரயிலில் பல அளவுகள் உண்டு. மூன்றை மட்டும் பார்ப்போம்.

- என் அளவு, 1:160. பாக்ஸ்-என் வேகன் 6.7 செ.மீ. புகைபோக்கி 1.7 மீட்டர். 165 செ.மீ. உயர மனிதர் 1 செ.மீ.
- எச்ஓ அளவு, 1:87. வேகன் 12.3 செ.மீ. புகைபோக்கி 3.16 மீட்டர். மனிதர் 1.9 செ.மீ.
- ஓஓ அளவு, 1:76. வேகன் 14.1 செ.மீ. புகைபோக்கி 3.6 மீட்டர். மனிதர் 2.2 செ.மீ.

என் அளவு அதிகம் புழங்குவது இடம் குறைவான வீடுகளில். ஓஓ பிரிட்டனில் பிரபலம். எச்ஓ உலகம் முழுக்க.

இந்திய ரயிலை மாடலாகச் செய்ய நினைப்பவருக்குச் சமரசம் தண்டவாளத்திலேயே தொடங்குகிறது. எச்ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. இது 1,435 மி.மீ. அகலமுள்ள, உலகில் பரவலான ஸ்டாண்டர்டு கேஜைச் சுருக்கியது. நம்ம பிராட் கேஜ் 1,676 மி.மீ. அதைச் சுருக்கினால் 19.3 மி.மீ. வரணும். ஆனால் கடையில் கிடைக்கும் தண்டவாளமும் சக்கரமும் 16.5-தான். பெரும்பாலானோர் அதிலேயே ஓட்டுகிறார்கள்.

கட்டடங்களிலும் இதே கதை. சந்தையில் உள்ள கிட்கள் பெரும்பாலும் அமெரிக்க, ஜெர்மானிய, பிரிட்டிஷ் கட்டடங்களைப் பார்த்துச் செய்தவை. பனி வழிந்து விழச் சாய்வான கூரை, குளிருக்குத் தாங்கும் மூடிய சுவர். அமெரிக்காவில் கிட்பாஷிங் என்பது அடுத்தவரிடம் இல்லாத ஒன்றைச் செய்யும் ஆசை. இந்தியத் தொழிற்சாலையைச் செய்ய நினைப்பவருக்கு அதுவே கட்டாயம்.

முதல் வேலை வெட்டுவதில்லை, படிப்பது

கிட்டை வெட்டும் முன் அசல் தொழிற்சாலை எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். நிலக்கரி மின் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். கரி நுழைவதிலிருந்து சாம்பல் வெளியேறும் வரை வரிசை இதுதான்.

1. இறக்கும் இடம். இங்கே இரண்டு வழி உண்டு. பாக்ஸ்-என் வேகனுக்கு அடியில் கதவு கிடையாது. அதனால் ‘வேகன் டிப்ளர்’ என்ற எந்திரம் வேகனை அப்படியே பிடித்துக் கிட்டத்தட்ட தலைகீழாகப் புரட்டிக் கொட்டும். ‘பாப்-ஆர்-என்’ வகை வேகனுக்கு அடியில் கதவு உண்டு. ரயில் மெதுவாக நகர நகர, தண்டவாளத்துக்குக் கீழே உள்ள தொட்டியில் கரி கொட்டும்.
2. கன்வேயர். சாய்வாக மேலேறும் நீளமான தகரக் கூண்டு. உள்ளே பெல்ட் ஓடும்.
3. கிரஷர் ஹவுஸ். கரியை உடைக்கும் ஒல்லியான, உயரமான கட்டடம்.
4. கரி யார்டு. உடனே தேவைப்படாத கரி இங்கே குவியும்.
5. பாய்லர். வளாகத்தின் மிகப் பெரிய உடம்பு. 500 மெகாவாட் யூனிட்டில் இது 80 மீட்டரைத் தாண்டும்.
6. டர்பைன் ஹால். பாய்லரை ஒட்டி, நீளமாக, உயரம் குறைவாக.
7. புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் பெட்டிகள். ‘இ.எஸ்.பி.’ என்பார்கள். அடியில் தலைகீழ் பிரமிடு மாதிரி ஹாப்பர்கள் வரிசையாகத் தொங்கும்.
8. புகைபோக்கி, குளிர்விப்புக் கோபுரம், சுவிட்ச் யார்டு, சாம்பல் சைலோ.

இந்த வரிசை சரியாக இருந்தால், அளவு தப்பாக இருந்தாலும் பார்ப்பவர் நம்புவார். அளவு மில்லிமீட்டர் சுத்தமாக இருந்து, கன்வேயர் எங்கிருந்தும் எங்கும் போகாமல் நின்றால் நம்ப மாட்டார். தொழிற்சாலை மாடலில் ஒவ்வொரு குழாயும் ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் முடியணும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக் கூடாது?

எல்லாவற்றையும் ஒரே அளவில் சுருக்காமல், சிலவற்றை மட்டும் கூடுதலாகச் சுருக்குவதுதான் கிட்பாஷிங்கின் மையமான முடிவு. எளிமையான விதி இதுதான். மனிதர் தொடும் பொருளையும் ரயில் தொடும் பொருளையும் சுருக்காதீங்க. மற்றதில் கை வைக்கலாம்.

சுருக்கக் கூடாதவை, எச்ஓ அளவில்:

- 2.1 மீட்டர் கதவு: 24 மி.மீ.
- 1 மீட்டர் கைப்பிடிக் கம்பி: 11.5 மி.மீ.
- 18 செ.மீ. படிக்கட்டுப் படி: 2 மி.மீ.
- 23 செ.மீ. செங்கல்: 2.6 மி.மீ.
- வேகன் நுழையும் வாசல்: வேகனே 37 மி.மீ. உயரம், ஆகவே அதைவிடக் கூடுதல்.

பார்ப்பவரின் கண் இவற்றை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் அளக்கிறது. கதவு சரியாக இருந்தால் 30 செ.மீ. பாய்லரும் பிரமாண்டமாகத் தெரியும். கதவு பெரிதானால் அதே பாய்லர் பொம்மை வீடாகிவிடும்.

சுருக்கக் கூடியவை: நீளம், எண்ணிக்கை, உயரம். டர்பைன் ஹாலில் 20 ஜன்னல் இருந்தால் 6 போதும். நான்கு பாய்லருக்குப் பதில் ஒன்று போதும். உயரத்தைக் குறைக்கும்போது விகிதத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. அசலில் புகைபோக்கி பாய்லரைப் போல மூன்று மடங்குக்கும் மேல். மாடலில் பாய்லர் 30 செ.மீ. என்றால் புகைபோக்கி 90 செ.மீ. முதல் 1 மீட்டர். 3.16 மீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் கண் ஏற்றுக்கொள்ளும்.

ரயிலுக்கும் இதே மாதிரிதான். 58 வேகனுக்குப் பதில் 12 வேகன் வைத்தால் 1.5 மீட்டர். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கு. இறக்கும் இடத்துக்கு முன்னால் 12 வேகன் நிற்க வேண்டும், காலியான பிறகு பின்னால் 12 வேகன் நிற்க வேண்டும். ஆக 3 மீட்டர். இதைக் கணக்கில் எடுக்காமல் அழகான டிப்ளரைக் கட்டி, பிறகு மூன்று வேகனுக்கு மேல் தள்ள முடியாமல் தவிப்பது சகஜம்.

இதற்கு அமெரிக்க மாடலர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். மின் நிலையத்தையும் நிலக்கரிச் சுரங்கத்தையும் ஒரு தடுப்புச் சுவருக்கு இருபுறமும் முதுகோடு முதுகாகக் கட்டுவார்கள். இரண்டு கட்டடங்களையும் துளைத்துக்கொண்டு ஒரே பாதை போகும். கரி நிறைந்த வேகன்களை மின் நிலையத்துக்குள் தள்ளினால், அவை மறுபக்கம் சுரங்கத்திலிருந்து ‘நிரம்பி’ வெளிவரும். காலி வேகன்களுக்கு இதன் நேர் எதிர். ஒரு துளி கரியைக்கூட ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். பார்ப்பவருக்குச் சுரங்கம் ஏற்றுகிறது, மின் நிலையம் எரிக்கிறது.

இந்தியாவுக்கு இது ரொம்பவே பொருந்தும். என்டிபிசியின் பல நிலையங்களில் சுரங்கத்துக்கும் மின் நிலையத்துக்கும் நடுவே சொந்த ரயில் பாதை உண்டு. அதே ரயில்கள் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருப்பதால் அதற்குப் பெயரே ‘மெரி-கோ-ரவுண்ட்’.

எந்த கிட் எதுவாக மாறும்?

வால்தர்ஸ் விற்ற கிட்களையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

‘நார்தர்ன் லைட் அண்ட் பவர்’ என்பது ஒரு சின்ன அமெரிக்கச் செங்கல் மின் நிலையம். இரண்டு பெட்டி வாங்கி, நீளச் சுவர்களை வரிசையாகச் சேர்த்தால் பழைய காலத்து டர்பைன் ஹால் கிடைக்கும். ‘நியூ ரிவர் மைனிங் கம்பெனி’ ஒரு சுரங்கக் கட்டடம். நெளி தகரச் சுவர், சாய்வான கன்வேயர் எல்லாம் இருக்கு. அதன் ஒல்லியான பகுதியைத் தனியாக எடுத்து உயர்த்தினால் கிரஷர் ஹவுஸ். தானியக் கிடங்கு கிட்டில் வரும் கான்கிரீட் உருளைகள் சாம்பல் சைலோ ஆகும். பாலம் கிட்டில் உள்ள இரும்புச் சட்டங்கள் கன்வேயரின் முதுகெலும்பு. டிப்ளர் கட்டடத்துக்கு இருபுறமும் திறந்த சாதாரண இன்ஜின் ஷெட் கிட் போதும்.

பாய்லருக்கு மட்டும் நேரான கிட் தேடாதீங்க. நவீனத் தகரச் சுவர்த் தொழிற்சாலை கிட் மூன்றை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, பாதியில் சுவரை நிறுத்தி, மேல் பாதியில் வெறும் இரும்புச் சட்டமும் நடைமேடையும் தெரிய விட்டால் போதும். நம்ம ஊர் பாய்லர்கள் அப்படித்தான் இருக்கும். குளிர் இல்லாத ஊரில் முழுக்க மூட வேண்டியதில்லை.

கிட் வாங்க முடியாத இடத்தில் ‘87-ஆல் பெருக்கு’ என்ற விளையாட்டு உதவும். கையில் கிடைக்கும் எந்தப் பொருளையும் 87-ஆல் பெருக்கிப் பார்க்கணும்.

- 3 மி.மீ. பேனா ரீஃபில்: 26 செ.மீ. தண்ணீர்க் குழாய்.
- 6 மி.மீ. ஸ்ட்ரா: 52 செ.மீ. நீராவிக் குழாய்.
- 30 மி.மீ. பாட்டில் மூடி: 2.6 மீட்டர் விட்டத் தொட்டியின் மூடி.
- 33 மி.மீ. பிவிசி பைப்: 2.9 மீட்டர் இரும்புப் புகைக்குழாய்.
- 0.3 மி.மீ. தையல் நூல்: 2.6 செ.மீ. கேபிள்.
- கொசுவலை: தண்டவாளத்துக்கு அடியில் உள்ள தொட்டியின் இரும்பு கிராதி.

குளிர்விப்புக் கோபுரத்துக்கு ஒரு வடிவியல் ரகசியம் உதவும். இடுப்பு ஒடுங்கிய அந்த வளைவு முழுக்க முழுக்க நேர்க்கோடுகளால் ஆனது. மேலும் கீழும் இரண்டு வளையங்களை வைத்து, நடுவில் நூல்களை நேராகக் கட்டி, மேல் வளையத்தைக் கொஞ்சம் திருகினால் அந்த இடுப்பு தானாக வரும். அதன் மேல் மெல்லிய காகிதப் பட்டைகளைப் பசை தடவி ஒட்டினால் கோபுரம்.

வெட்டுவது, ஒட்டுவது, மறைப்பது

படி 1: காகித ஒத்திகை. கிட் சுவர்களை ஜெராக்ஸ் எடுத்து அட்டையில் ஒட்டி வெட்டுங்க. லேஅவுட்டில் வைத்து ஒரு வாரம் பாருங்க. பிளாஸ்டிக்கை வெட்டிய பிறகு மனம் மாறினால் செலவு. அட்டையில் மாறினால் பத்து ரூபாய்.

படி 2: கீறி ஒடிப்பது. ஸ்டைரீன் பிளாஸ்டிக்கை முழுக்க அறுக்க வேண்டாம். இரும்பு ஸ்கேல் வைத்து, புது பிளேடால் நான்கைந்து முறை மெல்லக் கீறி வளைத்தால், கோட்டிலேயே ஒடியும். ஒடிந்த விளிம்பைக் கண்ணாடி மேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்தால் நேராகும்.

படி 3: எங்கே வெட்டுவது? சுவரின் நடுவில் வெட்டினால் இணைப்புக் கோடு ஆயுளுக்கும் தெரியும். தூண், மூலை, மழைநீர்க் குழாய் வரும் இடத்தில் வெட்டினால் தெரியாது. அப்படியும் தெரிந்தால் மேலே ஒரு குழாயோ ஏணியோ போட்டுவிடலாம்.

படி 4: ஒட்டுவது. பிளாஸ்டிக் சிமென்ட் என்ற கரைப்பான் இரண்டு விளிம்புகளையும் கரைத்து ஒன்றாக்கும். வெல்டிங் மாதிரிதான். மெல்லிய பிரஷால் இடுக்கில் தொட்டால் தானாக உள்ளே ஓடும். ஜன்னலைத் திறந்து வையுங்க, அந்தப் புகை நல்லதில்லை. மூலைகளில் உள்பக்கமாகச் சதுரச் சட்டம் வைத்தால் சுவர் கோணாது.

படி 5: ஒரே நிறம். மூன்று கிட்டிலிருந்து வந்த மூன்று நிறத் துண்டுகளும் சாம்பல் நிற பிரைமர் அடித்ததும் ஒரே கட்டடமாகிவிடும். இணைப்பில் உள்ள குறைகளும் அப்போதுதான் தெரியும். பட்டி வைத்துச் சரிசெய்ய அதுவே சரியான நேரம்.

படி 6: கூரை. லேஅவுட்டை நாம் எப்போதும் மேலிருந்துதான் பார்க்கிறோம். ஆகவே முன்சுவரைவிடக் கூரைதான் அதிகம் தெரியும். காற்றுப்போக்கி, ஏணி, தண்ணீர்த் தொட்டி, ஓட்டை அடைத்த தகரம் எல்லாம் அங்கேதான் வேண்டும்.

படி 7: பின்வரிசை. சுவரோரம் உள்ள கட்டடங்களுக்கு 3-4 செ.மீ. ஆழம் போதும். முகப்பு மட்டும் இருந்தால் சரி. அதற்கும் பின்னால் சின்னதான என் அளவு கிட் ஒன்றை வைத்தால், அது தூரத்தில் இருப்பதாகக் கண் நினைத்துக்கொள்ளும்.

அழுக்குக்கும் ஒரு காரணம் வேண்டும்

புதுப் பெயின்ட்டோடு நிற்கும் தொழிற்சாலை பொம்மை மாதிரி இருக்கும். கட்டடங்களுக்கும் இன்ஜின்களுக்கும் வயதேற்றிக் காட்டுவதில் முன்னோடி என்று மதிக்கப்படுபவர் கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் வாழ்ந்த ஜான் ஆலன். 1973-ல் அவர் இறந்த சில நாட்களிலேயே அவரது புகழ்பெற்ற லேஅவுட் தீயில் அழிந்தது. புகைப்படங்கள் மிச்சம்.

அழுக்கை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பூசக் கூடாது. தண்ணீர் வழியும் பாதையில்தான் துரு இறங்கும். டிப்ளர் வாசலைச் சுற்றிக் கரித்தூள் கறுப்பு. இ.எஸ்.பி.க்கு அடியில் சாம்பல் நிறம். மழைக்கால ஊர் என்றால் கான்கிரீட்டில் மேலிருந்து இறங்கும் கறும்பாசிக் கோடுகள். விரிசலில் ஓர் அரசங்கன்று. சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் அடர் நிறம், மேலே சுண்ணாம்பு வெள்ளை. மாநில மொழி, இந்தி, ஆங்கிலம் என மூன்று மொழியில் பெயர்ப்பலகை. படிக்கட்டு மூலையில் வெற்றிலைச் சிவப்பு. அமெரிக்க கிட்டை இந்தியக் கட்டடமாக மாற்றும் வேலையில் பாதி இந்த இடத்தில்தான் நடக்கிறது. செலவும் அதிகமில்லை: கலர் சாக்பீஸ் தூள், கரித்தூள், தண்ணீர் நிறைய கலந்த கறுப்பு மை.

சுருக்கும்போது காணாமல் போவது என்ன?

இடம் போதாமல் நாம் முதலில் தூக்கிப்போடுவது எதை? ரயிலுக்குத் தேவைப்படாததை. கேன்டீன், டைம் ஆபீஸ், சைக்கிள் ஸ்டாண்ட், வாசல் டீக்கடை. ஆக, சுத்தமாகச் சுருக்கிய தொழிற்சாலையில் எந்திரம் மட்டும் மிஞ்சுகிறது, ஆட்கள் இல்லை.

அடுத்து காணாமல் போவது சாம்பல். இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம், 30 முதல் 40 சதவீதம் வரை. 12 வேகன் கரி உள்ளே போனால், எடைக் கணக்கில் நாலு வேகன் சாம்பல் வெளியே வரணும். ஆனால் பல மாடல்களில் கரி உள்ளே போவதோடு கதை முடிந்துவிடுகிறது. சாம்பல் எங்கே போகிறது என்பது எண்ணூர் மக்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கே கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிந்த அனல் மின் நிலையச் சாம்பல் பற்றி மீனவர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள்.

இதைப் பொழுதுபோக்கில் எதுக்கு இழுக்கணும் என்று கேட்கலாம். காரணம், அசல் கட்டடங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. எண்ணூரின் பழைய அனல் மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. பஞ்சாபின் பட்டிண்டா நிலையம் 2018 ஜனவரியில் நின்றது. டெல்லியின் பதர்பூர் நிலையம் 2018 அக்டோபரில் நின்றது. மூடிய நிலையம் பிறகு இடிக்கப்படுகிறது. கரி எந்தப் பக்கம் வந்தது, ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் எந்தக் கேட்டில் வெளியே போனார்கள், சாம்பல் எந்தக் குழாயில் எந்தக் குளத்துக்குப் போனது என்ற வரிசை, அங்கே வேலை பார்த்தவர்களின் நினைவில்தான் இருக்கும். அந்த வரிசையை முப்பரிமாணத்தில் பிடித்து வைக்க மாடல் ஒரு வழி. எதை விடுகிறோம் என்று தெரிந்தே விட்டால்தான் அது உதவும்.

இதற்கு நிறைய இடமும் தேவையில்லை. எச்ஓ அளவில் ஒரு சைக்கிள் ஸ்டாண்ட் 10 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம். டீக்கடை அதில் பாதி. சாம்பல் குழாய்க்கு இரண்டு ரீஃபில், சாம்பல் குளத்துக்கு லேஅவுட்டின் ஓரத்தில் ஒரு சாண் இடம். டர்பைன் ஹாலில் ஒரு ஜன்னலைக் குறைத்தால் பெருமளவு இடம் கிடைத்துவிடும்.

எங்கே தொடங்கலாம்?

மாடல் ரயில் எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்க விரும்பினால், புனேயின் கோத்ரூட் பகுதியில் 1998 முதல் இயங்கும் ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கு.

செய்து பார்க்க விரும்பினால் முழு மின் நிலையத்தில் கை வைக்க வேண்டாம். டிப்ளர் ஷெட் ஒன்று போதும். விலை குறைந்த ஒரு ஷெட் கிட், ஒரு பாலம் கிட்டின் பாதி, கொஞ்சம் கொசுவலை, நாலு ரீஃபில். ஷெட்டின் இருபுறமும் திறந்திருக்கட்டும், நடுவே ஒரு பாதை, பின்னாலிருந்து சாய்வாக மேலேறும் கன்வேயர். அது லேஅவுட்டின் பின்சுவரில் போய் மறையட்டும். அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு மின் நிலையம் இருப்பதாகப் பார்ப்பவரே நினைத்துக்கொள்வார். 275 மீட்டர் புகைபோக்கியைச் சுவரில் வரைந்தாலும் போதும். வேகனுக்குப் பக்கத்தில் நிற்கும் 1.9 செ.மீ. ஆளை மட்டும் மறந்துவிடாதீங்க. அவர் இல்லாவிட்டால் அந்த ஷெட் எவ்வளவு பெரியது என்று யாருக்கும் தெரியாது.